பண்ணைக் குட்டையில் எத்தனை லிட்டர் தண்ணீர் பிடிக்கும்? அளந்து கணக்கிடும் முழுமையான வழிகாட்டி

பாலக்கோடு பக்கத்தில் ஒரு தக்காளித் தோட்டம். அதில் 30 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம், 3 மீட்டர் ஆழத்தில் வெட்டி, பிளாஸ்டிக் ஷீட் விரித்த ஒரு குட்டை. மூன்று எண்களையும் பெருக்கினால் 1,800 கன மீட்டர், அதாவது 18 லட்சம் லிட்டர் வருகிறது. ஆனால் அந்தக் குட்டை நிரம்பி வழியும்போதுகூட அதில் நிற்பது 11 லட்சம் லிட்டர்தான்.

இந்த 7 லட்சம் லிட்டர் வித்தியாசத்தை நம்பி நாற்று நட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். காய் திரளும் நேரத்தில் குட்டையின் அடி தெரிந்துவிடும். பிறகு டேங்கர் தண்ணீருக்கு அலைய வேண்டும். ஷீட்டில் ஓட்டை, ஆவியாகிப் போய்விட்டது, பம்பு சரியில்லை என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். பல நேரங்களில் அந்தத் தண்ணீர் தொடக்கத்திலிருந்தே குட்டையில் இருந்ததில்லை. அவர்கள் கணக்கிட்டது குழியை. கணக்கிட வேண்டியதோ குழிக்குள் நிற்கும் தண்ணீரை.

அக்கம்பக்கத்துத் தோட்டங்களில் அளந்து பழகிய முறையை வரிசையாகத் தருகிறேன். மேலே சொன்ன குட்டையையே கடைசிவரை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம்.

தொடங்கும் முன்: என்னென்ன வேண்டும்

30 மீட்டர் துணி டேப் அல்லது ஃபைபர் டேப், முறுக்கேறாத நைலான் கயிறு இரண்டு, நான்கு முளைக்குச்சிகள், துணி காயப்போடும் கிளிப்புகள் சில, நோட்டு, பென்சில். எடைக்கு அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலில் மணல் நிரப்பி, மூடியை இறுக்கி, மேலே பழைய துணி சுற்றிக்கொள்ளுங்கள். கல்லையோ இரும்பையோ கட்டி இறக்காதீர்கள். ஷீட்டின் அடியில் ஒரு கீறல் விழுந்தால் அளந்ததன் பயனே போய்விடும்.

ஆட்கள் இருவராவது வேண்டும். தண்ணீர் இருக்கும் குட்டையருகே ஒருபோதும் தனியாகப் போகாதீர்கள். ஷீட்டின் மேல் பாசி படிந்தால் காலுக்குப் பிடிமானமே கிடைக்காது. நன்றாக நீந்தத் தெரிந்தவர்கூட வழுக்கி விழுந்தால் அந்தச் சாய்வில் ஏறி வர முடியாது. அதனால் முதல் வேலையாக, முக்கால் மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிறு ஒன்றைக் கரையோரத்து மரத்திலோ ஆழமாக அடித்த முளையிலோ கட்டி, குட்டைக்குள் இறக்கிவிடுங்கள். காற்றடைத்த லாரி டியூப் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள். இதற்குப் பிறகுதான் டேப்பை எடுக்க வேண்டும்.

1. ஓர் அலகைத் தேர்ந்தெடுத்து அதிலேயே நில்லுங்கள்

குழி வெட்டிய ஜேசிபிக்காரர் ஆழத்தை அடியில் சொல்வார். ஷீட் விற்பவர் சதுர மீட்டரில் விலை சொல்வார். நிலமோ சென்ட் கணக்கில் இருக்கும். மூன்றையும் ஒரே தாளில் கலந்து எழுதுவதில்தான் முதல் பிழை பிறக்கிறது. நீளம் மீட்டரில், ஆழம் அடியில் என்று பெருக்கினால் வரும் எண்ணுக்குப் பொருளே கிடையாது.

நான் மீட்டரைத்தான் பரிந்துரைப்பேன். ஒரு கன மீட்டர் என்பது சரியாக 1,000 லிட்டர். கடைசியில் மூன்று சுழியம் சேர்த்தால் போதும். அடியிலேயே பழகியவர்கள் அடியிலேயே கணக்கிட்டு, கடைசியில் வரும் கன அடியை 28.3 ஆல் பெருக்கினால் லிட்டர் கிடைக்கும். ஒகேனக்கல்லுக்கு வினாடிக்கு இத்தனை கன அடி நீர்வரத்து என்று செய்தித்தாளில் வருகிறதே, அதே கன அடிதான் இது.

அடியில் அளப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 5 அடி 6 அங்குலம் என்பது 5.6 அடி அல்ல, 5.5 அடி. ஓர் அடிக்குப் பன்னிரண்டு அங்குலம் என்பதால் அங்குலத்தை 12 ஆல் வகுத்த பிறகே புள்ளிக்குப் பின்னால் எழுத வேண்டும். படித்த பிள்ளைகளும் இந்த இடத்தில் தவறுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். கால்குலேட்டர் தப்பைக் காட்டிக்கொடுக்காது.

2. அளக்கும் முன் படம் வரையுங்கள்

நோட்டில் இரண்டு படங்கள். ஒன்று, மேலிருந்து பார்த்தால் குட்டை எப்படித் தெரியுமோ அப்படி. இன்னொன்று, குட்டையைக் கத்தியால் நடுவில் அறுத்துப் பக்கவாட்டில் பார்த்தால் எப்படி இருக்குமோ அப்படி.

இரண்டாவது படம்தான் முக்கியம். அதை வரைந்ததுமே குட்டை பெட்டிபோல இல்லை, மேலே அகன்று கீழே குறுகிய அகல வாய்ப் பாத்திரம்போல இருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும். செங்குத்தாக வெட்டினால் மண் சரிந்துவிடும் என்பதால் சாய்வாகத்தான் வெட்டுகிறோம். அந்தச் சாய்வு எடுத்துக்கொள்ளும் இடத்தில் தண்ணீர் இல்லை. 18 லட்சம் என்று தப்பாக வரும் கணக்கின் பெரும்பகுதி அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

ஒவ்வோர் அளவையும் எடுத்த உடனே, படத்தில் அதற்குரிய கோட்டின் மேலேயே எழுதுங்கள். தனியாகப் பட்டியல் போட்டால், மாலையில் வீட்டில் உட்கார்ந்து பார்க்கும்போது எது மேல் அகலம், எது அடி அகலம் என்று மறந்துபோகும்.

3. மேல் விளிம்பு: நான்கு பக்கங்களும் இரண்டு மூலைவிட்டங்களும்

மண் சாய்வு தொடங்கும் விளிம்பில் நான்கு மூலைகளிலும் முளை அடியுங்கள். மேலே கொட்டியிருக்கும் கரை மண்ணின் வெளிப்பக்கத்தையோ, ஷீட்டைப் புதைத்த வாய்க்காலையோ சேர்த்துவிடக் கூடாது.

நான்கு பக்கங்களையும் தனித்தனியே அளங்கள். எதிரெதிர்ப் பக்கங்கள் சமமாகத்தானே இருக்கும் என்று இரண்டோடு நிறுத்த வேண்டாம். இயந்திரம் வெட்டிய குழியில் ஒரு பக்கம் 30 மீட்டரும் எதிர்ப்பக்கம் 29.2 மீட்டரும் இருப்பது வழக்கம்தான். இரண்டின் சராசரியை எடுத்துக்கொள்ளுங்கள்.

பிறகு மூலைக்கு மூலை குறுக்காக அளங்கள். டேப்பின் நீளம் போதாவிட்டால் கயிற்றை இழுத்துப் பிடித்து, அந்தக் கயிற்றைத் தரையில் கிடத்தி அளக்கலாம். 30க்கு 20 குட்டையில் இரண்டு மூலைவிட்டங்களும் ஏறக்குறைய 36.06 மீட்டர் வர வேண்டும். ஒன்று 35, இன்னொன்று 37 என்றால் கொஞ்சம் கோணல். நீர்க்கணக்கில் பெரிய பாதிப்பில்லை. அதைவிட அதிகமாக விலகினால், குட்டையை ஒரு மூலைவிட்டத்தால் இரண்டு முக்கோணங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் அடிப்பக்கம் × உயரம் ÷ 2 என்று பரப்பு காணுங்கள்.

டேப்பின் முனையைப் பார்த்துக்கொள்ளுங்கள். வளையம் அறுந்து முதல் 10 சென்டிமீட்டர் காணாமல்போன டேப்புகள் ஊரில் நிறைய இருக்கின்றன. அப்படிப்பட்ட டேப்பில் 1 மீட்டர் கோட்டிலிருந்து அளந்து, கிடைத்த எண்ணிலிருந்து 1 ஐக் கழித்துவிடலாம்.

4. ஆழம்: செங்குத்தாக மட்டுமே

புதிதாக அளப்பவர் டேப்பைக் கரையில் பிடித்துச் சாய்வின் மேலேயே கீழே விடுவார். கையில் 4.24 மீட்டர் வரும். அதையே ஆழம் என்று எழுதிவிடுவார். அது சாய்வின் நீளம்; ஆழம் 3 மீட்டர்தான். ஷீட் வாங்கும்போது இந்தச் சாய்வு நீளம் தேவைப்படும், அதனால் அதையும் தனியே குறித்து வையுங்கள். நீர்க்கணக்கில் மட்டும் அது நுழையக் கூடாது.

குட்டை காய்ந்திருந்தால் வேலை எளிது. இரண்டு எதிர் விளிம்புகளுக்கும் குறுக்கே கயிற்றை விறைப்பாகக் கட்டி, அதிலிருந்து மணல் பாட்டிலைத் தொங்கவிட்டு அடிவரை அளங்கள். நடுவில் ஒன்று, அடித்தளத்தின் நான்கு மூலைகளுக்கருகே நான்கு என ஐந்து இடங்களில் எடுத்துச் சராசரி காணுங்கள். அடித்தளம் ஒரே மட்டமாக இருக்கும் என்று நம்பாதீர்கள்.

தண்ணீர் நிற்கும் குட்டையில் இப்படிச் செய்யுங்கள். ஒரு கயிற்றின் நடுவில் சாவி வளையம் ஒன்றைக் கட்டி, ஆளுக்கொரு கரையில் நின்று கயிற்றை விறைப்பாகப் பிடியுங்கள். இரண்டாவது கயிற்றை அந்த வளையத்துக்குள் நுழைத்து, அதன் முனையில் மணல் பாட்டில் தொங்கட்டும். மறுமுனை உங்கள் கையில். மெதுவாகக் கயிற்றை விடுங்கள். பாட்டில் நீர்மட்டத்தைத் தொடும் நொடியில், உங்கள் கைக்குப் பக்கத்தில் கயிற்றில் ஒரு கிளிப் மாட்டுங்கள். தொடர்ந்து விடுங்கள். பாட்டில் அடியைத் தொட்டதும் கயிறு தளர்வது விரலில் தெரியும். தளர்ந்த கயிற்றைச் சற்றே இழுத்து விறைப்பாக்கி, கைக்கு அருகே அதே இடத்தில் இரண்டாவது கிளிப்பை மாட்டுங்கள். இரண்டு கிளிப்புகளுக்கும் இடைப்பட்ட நீளம்தான் தண்ணீரின் ஆழம்.

நனைந்த கயிற்றின் நீளத்தை அளப்பதைவிட இது நம்பகமானது. பாட்டிலை இழுத்துக் கரைக்குக் கொண்டு வருவதற்குள் மீதிக் கயிறும் நனைந்து, எங்கே ஈரம் முடிகிறது என்றே தெரியாமல் போய்விடும்.

ஷீட் இல்லாத மண் குட்டையில் இன்னொரு சிக்கல் உண்டு. அடியில் வண்டல் படிந்திருக்கும். ஊன்றுகோலைக் குத்தினால் அது வண்டலுக்குள் ஒரு சாண் இறங்கிவிடும். அந்த ஒரு சாணும் தண்ணீராகக் கணக்கில் ஏறிவிடும். கோலின் அடியில் அகலமான டப்பா மூடி ஒன்றை ஆணியடித்துக்கொண்டால் அது வண்டலின் மேலேயே நிற்கும்.

5. சாய்வும் அடித்தளமும்

காய்ந்த குட்டை என்றால் முடிச்சுக் கயிற்றைப் பிடித்து வெறுங்காலோடு இறங்கி, அடித்தளத்தின் நீள அகலத்தை நேராகவே அளந்துவிடலாம்.

தண்ணீர் இருந்தால் சாய்விலிருந்து கண்டுபிடிக்க வேண்டும். நேரான ஒரு மீட்டர் சட்டத்தை விளிம்பிலிருந்து குட்டையின் பக்கமாக, கிடைமட்டமாக நீட்டுங்கள். மேலே ரசமட்டத்தை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். சட்டத்தின் முனையிலிருந்து சாய்வின் தரைக்கு நேராகக் கீழே எவ்வளவு? ஒரு மீட்டர் என்றால் சாய்வு ஒன்றுக்கு ஒன்று. இறக்கம் 67 சென்டிமீட்டர்தான் என்றால் ஒன்றரைக்கு ஒன்று, அதாவது ஒரு மீட்டர் இறங்க ஒன்றரை மீட்டர் உள்ளே வருகிறது.

நம் குட்டையில் சாய்வு ஒன்றுக்கு ஒன்று. 3 மீட்டர் இறங்கும்போது ஒவ்வொரு பக்கத்திலும் 3 மீட்டர் உள்ளே வந்துவிடும். இரண்டு பக்கமும் சேர்த்து 6. ஆகவே அடித்தளம் 24 மீட்டர் நீளம், 14 மீட்டர் அகலம். ஒரு பக்கத்துக்கு மட்டும் கழித்து 27, 17 என்று எழுதுபவர்கள் ஏராளம். படத்தைப் பார்த்தபடி கழித்தால் இந்தத் தப்பு வராது.

6. நீர்மட்டம் எங்கே நிற்கிறது?

குட்டையை விளிம்புவரை நிரப்புவதில்லை. உபரி நீர் வெளியேற ஒரு குழாய் வைத்திருப்பீர்கள். குட்டை நிரம்பியது என்பதன் பொருள், அந்தக் குழாயின் அடிவிளிம்புவரை தண்ணீர் வந்துவிட்டது என்பதே. குழாய் வைக்காத குட்டையில், நான்கு கரைகளில் எது மிகத் தாழ்வோ அதுதான் எல்லை. கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் தண்ணீர் டியூபால் நான்கு மூலைகளையும் சரிபாருங்கள்.

எடுத்துக்காட்டுக் குட்டையில் உபரி நீர்க் குழாய், விளிம்புக்கு அரை மீட்டர் கீழே இருக்கிறது. எனவே தண்ணீரின் ஆழம் 3 அல்ல, 2.5 மீட்டர். நீர்ப்பரப்பும் 30க்கு 20 அல்ல. அரை மீட்டர் இறங்கியதில் ஒவ்வொரு பக்கமும் அரை மீட்டர் குறைந்து 29க்கு 19 ஆகிவிடுகிறது. பெரும்பாலானவர்கள் ஆழத்தை மட்டும் குறைத்துவிட்டு, பரப்பைக் குறைக்க மறந்துவிடுகிறார்கள்.

7. இப்போது கணக்கு

மூன்று பரப்புகள் வேண்டும்.

நீர்மட்டத்தில்: 29 × 19 = 551 சதுர மீட்டர்.
அடித்தளத்தில்: 24 × 14 = 336 சதுர மீட்டர்.
சரிபாதி ஆழத்தில்: 26.5 × 16.5 = 437.25 சதுர மீட்டர்.

நடுப்பரப்பை எடுக்கும்போது கவனம் வேண்டும். மேல் நீளம், அடி நீளம் இரண்டுக்கும் சராசரி, மேல் அகலம், அடி அகலம் இரண்டுக்கும் சராசரி, பிறகுதான் பெருக்கல். 551ஐயும் 336ஐயும் கூட்டி இரண்டால் வகுத்தால் 443.5 வரும். அது நடுப்பரப்பு அல்ல.

இனி, மேல்பரப்போடு அடிப்பரப்பைக் கூட்டுங்கள். நடுப்பரப்பின் நான்கு மடங்கை அதோடு சேருங்கள். மொத்தத்தை 6 ஆல் வகுத்து, தண்ணீரின் ஆழத்தால் பெருக்குங்கள்.

551 + 336 + (4 × 437.25) = 2,636
2,636 ÷ 6 = 439.33
439.33 × 2.5 = 1,098.3 கன மீட்டர்

அதாவது ஏறக்குறைய 10 லட்சத்து 98 ஆயிரம் லிட்டர்.

நடுப்பரப்புக்கு ஏன் நான்கு மடங்கு என்று பலர் கேட்கிறார்கள். மேல்பரப்பும் அடிப்பரப்பும் குட்டையின் இரண்டு ஓரங்கள் மட்டுமே. தண்ணீரின் பெரும்பகுதி நடுப்பகுதியை ஒட்டிய அளவில்தான் நிற்கிறது, அதனால் அதற்குக் கூடுதல் எடை. நேரான சாய்வுகள் உள்ள குழிக்கு இந்த முறை துல்லியமான விடையைத் தரும்.

அவசரத்துக்கு நடுப்பரப்பை மட்டும் ஆழத்தால் பெருக்கினாலும் 1,093 கன மீட்டர் வருகிறது. பிழை அரை சதவீதத்துக்கும் குறைவு. வயலில் நின்று பேசும்போது நான் இதைத்தான் மனக்கணக்காகச் சொல்வேன். நோட்டில் எழுதும்போது முழுக்கணக்கையும் போடுவேன்.

ஜேசிபி வெட்டிய மூலைகள் உருண்டையாகத்தான் இருக்கும், ஷீட்டும் ஆங்காங்கே உப்பி நிற்கும். ஆகையால் லிட்டரை ஒற்றை எண்வரை எழுதுவதில் பயனில்லை. ஆயிரங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

8. கரையில் ஓர் அளவுகோல் நடுங்கள்

முழுக்கொள்ளளவு தெரிந்தால் மட்டும் போதாது. ஆண்டில் எத்தனை நாள் குட்டை நிரம்பி நிற்கிறது? இன்று எவ்வளவு இருக்கிறது என்பதே தினசரிக் கேள்வி. கிருஷ்ணகிரி அணையின் முழு நீர்மட்டம் 52 அடி, இன்றைய நீர்மட்டம் இத்தனை அடி என்று அணைக்கு நாள்தோறும் சொல்கிறார்களே, அதையே நம் குட்டைக்கும் செய்துகொள்ளலாம்.

பிவிசி குழாய் ஒன்றில் 10 சென்டிமீட்டருக்கு ஒரு கோடு பெயின்டால் போட்டு, அடித்தளத்தில் நிற்கும்படி நிறுத்துங்கள். அடிப்பக்கத்தைச் சிமென்ட் நிரப்பிய வாளியில் ஊன்றி, வாளிக்குக் கீழே பழைய சாக்கு மடித்து வைத்தால் ஷீட்டுக்குச் சேதமில்லை. வாளியின் உயரத்தையும் சேர்த்து, சுழியம் அடித்தளத்தில் தொடங்குமாறு கோடு போடுங்கள். குட்டை காய்ந்திருக்கும்போதே செய்துவிட வேண்டிய வேலை இது.

பிறகு ஒவ்வோர் அரை மீட்டருக்கும் ஏழாவது படியில் சொன்ன கணக்கைப் போடுங்கள். நம் குட்டைக்கு:

0.5 மீட்டர்: 1.78 லட்சம் லிட்டர்
1 மீட்டர்: 3.75 லட்சம்
1.5 மீட்டர்: 5.94 லட்சம்
2 மீட்டர்: 8.35 லட்சம்
2.5 மீட்டர்: 10.98 லட்சம்

பாதி ஆழமான 1.25 மீட்டரில் 4.82 லட்சம் லிட்டர்தான் இருக்கும். அது மொத்தத்தில் 44 சதவீதம். கோல் பாதி காட்டும்போது தண்ணீர் பாதிக்கும் கீழே போய்விட்டது. மேல் அரை மீட்டரில் 2.64 லட்சம் லிட்டர், அடி அரை மீட்டரில் 1.78 லட்சம்தான். நாளுக்கு இத்தனை சென்டிமீட்டர் இறங்குகிறது என்று பார்த்து, மீதி நாட்களைக் கணக்கிடுபவர்கள் ஏமாறுவது இதனால்தான். அடி நெருங்க நெருங்க, அதே அளவு தண்ணீர் எடுத்தாலும் மட்டம் வேகமாக இறங்கும்.

இந்த ஐந்து வரிகளை ஒரு தகரத்தில் பெயின்டால் எழுதி மோட்டார் அறையில் மாட்டி வையுங்கள். மோட்டார் போட வருபவர் யாராக இருந்தாலும் படித்துக்கொள்ளலாம்.

9. டிரம்மை வைத்துச் சரிபாருங்கள்

கணக்கு சரிதானா என்று தண்ணீரையே கேட்டுவிடலாம். 200 லிட்டர் டிரம் ஒன்றைப் போர்வெல் குழாயின் கீழ் வைத்து, நிரம்ப எத்தனை வினாடி ஆகிறது என்று கைபேசியில் பாருங்கள். மூன்று முறை செய்து சராசரி எடுங்கள். மோட்டார் போட்ட உடனே அளக்காதீர்கள். அரை மணி நேரம் ஓடி, போர்வெல்லில் நீர்மட்டம் இறங்கிய பிறகு வரும் வேகமே உண்மையான வேகம்.

40 வினாடியில் நிரம்பினால் வினாடிக்கு 5 லிட்டர், மணிக்கு 18,000 லிட்டர். மூன்று மணி நேரம் குட்டைக்குள் விட்டால் 54,000 லிட்டர். கோல் 1 மீட்டரில் இருந்தபோது தொடங்கினால், மட்டம் ஏறக்குறைய 13 சென்டிமீட்டர் உயர வேண்டும். 12 அல்லது 14 வந்தால் கவலை இல்லை. 18 சென்டிமீட்டர் உயர்ந்தால் உங்கள் பரப்புக் கணக்கு தவறு. பெரும்பாலும் சாய்வு தப்பாகியிருக்கும். ஐந்தாவது படிக்குத் திரும்பிப் போங்கள்.

இதே எண்ணிலிருந்து இன்னொன்றும் தெரிந்துகொள்ளலாம். காலியான குட்டையை இந்தப் போர்வெல் நிரப்ப 61 மணி நேரம் வேண்டும். மும்முனை மின்சாரத்தில் நாளுக்கு ஆறு மணி நேரம் ஓட்டினால் பத்து நாட்களுக்கு மேல்.

10. நிற்கும் தண்ணீர் முழுவதும் எடுக்கக்கூடியதல்ல

பம்பின் உறிஞ்சு குழாய் முனையில் இருக்கும் புட் வால்வு எப்போதும் தண்ணீருக்குள் மூழ்கியிருக்க வேண்டும். அடியில் 30 சென்டிமீட்டர் தண்ணீராவது நின்றால்தான் ஷீட் காற்றில் எழும்பாது. நம் குட்டையில் அந்த அடி 30 சென்டிமீட்டரில் 1.04 லட்சம் லிட்டர் நிற்கிறது. அதைக் கழித்தால் கைக்கு வருவது 9.94 லட்சம்.

தக்காளிக்குச் சொட்டுநீரில் நாளுக்கு 4 மில்லிமீட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் என்பது 1 லிட்டர். ஓர் ஏக்கர் 4,047 சதுர மீட்டர். ஆகவே நாளுக்கு 16,188 லிட்டர். குட்டையிலிருந்து வெயிலில் நாளுக்கு 6 மில்லிமீட்டர் ஆவியாகும் என்று கொண்டால், 551 சதுர மீட்டருக்கு 3,300 லிட்டர். நீர்ப்பரப்பு சுருங்கச் சுருங்க ஆவியும் குறையும். பாதுகாப்புக்காக நான் குறைக்காமலே வைத்துக்கொள்கிறேன். இரண்டும் சேர்ந்து 19,500 லிட்டர்.

9.94 லட்சத்தை இதால் வகுத்தால் 51 நாட்கள். 18 லட்சம் என்று நம்பி, ஆவியையும் மறந்தவருக்குக் கிடைத்த விடை 111 நாட்கள். இடையில் இருக்கும் அறுபது நாட்களில்தான் பறிப்பே நடக்கிறது. மழையையோ போர்வெல்லையோ துணைக்கு வைத்துக்கொள்ளாமல், குட்டைத் தண்ணீரை மட்டும் நம்பி ஓர் ஏக்கர் தக்காளி நட இந்தக் குட்டை போதாது. அரை ஏக்கருக்கு 8,094 லிட்டரும் ஆவிக்கு 3,300 லிட்டரும் சேர்த்தால் 87 நாட்கள். நாற்று வாங்கப் போகும் முன் இந்த எண் கையில் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

11. வேறு வடிவங்களுக்கு

வட்டக் கிணறு: உள்விட்டத்தை அளங்கள், கைப்பிடிச் சுவரின் தடிமன் சேரக் கூடாது. விட்டம் × விட்டம் × 0.785 × நீரின் ஆழம். 7 மீட்டர் விட்டம், 4 மீட்டர் தண்ணீர் என்றால் 153.9 கன மீட்டர், சுமார் 1 லட்சத்து 54 ஆயிரம் லிட்டர். ஆரத்தைப் பயன்படுத்தும் சூத்திரத்தில் விட்டத்தைப் போட்டுவிட்டால் விடை நான்கு மடங்காகிவிடும். நம் மாவட்டங்களில் பல கிணறுகள் மேலே மண்ணில் அகலமாகவும் கீழே பாறையில் குறுகலாகவும் இருக்கும். அவற்றை இரண்டு துண்டாகப் பிரித்துக் கணக்கிட்டுக் கூட்டுங்கள்.

வளைந்த குட்டை: நீளவாக்கில் நடுவே கயிறு கட்டி, சம இடைவெளியில் அகலங்களை அளங்கள். முதல் அகலத்தையும் கடைசி அகலத்தையும் கூட்டிப் பாதியாக்கி, மற்ற அகலங்களை அப்படியே சேர்த்து, இடைவெளியால் பெருக்குங்கள். 4 மீட்டர் இடைவெளியில் 8, 11, 13, 12, 9 மீட்டர் அகலங்கள் என்றால் (8.5 + 36) × 4 = 178 சதுர மீட்டர். மேலே, நடுவில், அடியில் என மூன்று மட்டங்களுக்கும் இப்படிப் பரப்பு கண்டால் மீதிக் கணக்கு ஏழாவது படிதான்.

வீட்டு நீச்சல் குளம்: ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கத்துப் பண்ணை வீடுகளில் இப்போது கட்டுகிறார்கள். சுவர் செங்குத்தாக இருப்பதால் எளிது, தரைதான் சரிவாக இருக்கும். 10க்கு 5 மீட்டர் குளம், ஒரு முனையில் 1 மீட்டர், மறுமுனையில் 1.8 மீட்டர் ஆழம் என்றால் சராசரி 1.4 என்று பெருக்கி 70,000 லிட்டர் என்பார்கள். தரை முழு நீளத்துக்கும் ஒரே சீராகச் சரிந்தால் மட்டுமே அது சரி. முதல் 4 மீட்டர் சமதளமாக இருந்து, பிறகு சரிந்தால் 4 × 5 × 1 = 20, 6 × 5 × 1.4 = 42, மொத்தம் 62,000 லிட்டர்தான். குளோரின் அளவு இந்த எண்ணை வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது. 1,000 லிட்டருக்கு 1 கிராம் குளோரின் என்பதே ஒரு பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் ஒரு பங்கு. தண்ணீரை அதிகமாக மதிப்பிட்டால் மருந்தும் அதிகமாகும். குளிக்கும் பிள்ளைகளின் கண் எரியும்.

12. கசிகிறதா என்று கண்டுபிடிக்க

கோலும் அட்டவணையும் வந்துவிட்டால் இதுவும் கைகூடும். ஒரு வாளியில் குட்டைத் தண்ணீரை நிரப்பி, குட்டைக்குள்ளேயே, வாளி பாதி மூழ்கியிருக்கும்படி அளவுகோலில் கட்டிவிடுங்கள். வாளிக்குள் இருக்கும் நீர்மட்டத்தையும் குட்டையின் நீர்மட்டத்தையும் பென்சிலால் குறியுங்கள். மோட்டார் போடாமல், மழையில்லாத மூன்று நாட்கள் விடுங்கள்.

வாளியும் குட்டையும் ஒரே வெயிலில் ஒரே காற்றில் இருப்பதால், இரண்டும் ஒரே அளவு இறங்கினால் அது ஆவி மட்டுமே. வாளியில் 2 சென்டிமீட்டரும் குட்டையில் 5 சென்டிமீட்டரும் இறங்கியிருந்தால், அந்த 3 சென்டிமீட்டர் எங்கோ போயிருக்கிறது. குட்டை நிரம்பிய நிலையில் ஒரு சென்டிமீட்டர் என்பது 5,510 லிட்டர். மூன்று நாட்களில் 16,500 லிட்டர், ஏறக்குறைய ஓர் ஏக்கர் தக்காளியின் ஒரு நாள் தண்ணீர், ஷீட்டின் ஏதோ ஒரு கிழிசல் வழியே மண்ணுக்குள் இறங்கியிருக்கிறது. நாள்தோறும் குறித்துக்கொண்டே வாருங்கள். எந்த மட்டத்துக்கு வந்ததும் இந்த வித்தியாசம் நின்றுபோகிறதோ, அந்தக் கோட்டின் உயரத்தில் நான்கு சாய்வுகளையும் ஷீட் ஒட்டிய இணைப்புகளையும் தேடிப் பாருங்கள். கிழிசல் அங்கேதான் இருக்கும்.